வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு: எங்கள் புது வளவைப் பார்க்கப் போன கதை

போன ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தோம். ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டாயா என்று கேட்பவர்கள், காலை நேரத்தில் காலி வீதி பஸ்ஸில் ஒரு தடவை நின்றுகொண்டு போய்விட்டுக் கேட்கவும்.

போனதற்குக் காரணம் கௌசி. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசை, இப்போது டொராண்டோக்காரி. அவளுடைய கணவருக்குக் கொழும்பில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருந்தது. பதினைந்து வயது மகள் மாயா ஒரே கதையாகச் சொல்லிவிட்டாள்: அம்மா படித்த பள்ளிக்கூடத்தைப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் டொராண்டோவில் சித்தி வீட்டிலேயே இருந்துவிடுவேன். மகளை ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்திராத கௌசிக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

உதவிக்கு வந்தது எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழு. அதுதான் வினையாகப் போயிற்று. நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடம் பின்பக்கத்து வீட்டை வாங்கி, நடுச்சுவரை உடைத்து, தன் வளவோடு சேர்த்துக்கொண்டது. அந்தப் புது வளவைப் பற்றி எழுதும்படி கௌசி கேட்டதும் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி மைதானத்தின் மறுமுனை கண்ணுக்குத் தெரியாது என்றாள். இன்னொருத்தி ஒரு தோப்பையே நட்டாள். நான் என் பங்குக்கு லைப்ரரிக்கு மேல்மாடி கட்டினேன். கௌசி எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

கொழும்பு வந்திறங்கிய கௌசி, மாயாவோடு காலை ஒன்பதேகாலுக்கு 155 பஸ். உட்கார இடமில்லை. கண்டக்டர் "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று எங்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். இனி முன்னுக்குப் போவதென்றால் சாரதியின் மடிதான். மருதானையில் அரை மணித்தியாலம் நின்றோம். மாயா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது பத்தே முக்கால்.

வாசலில் ஷர்மிளா காத்திருந்தாள். எங்கள் வகுப்புத்தான், இப்போது அங்கேயே படிப்பிக்கிறாள். மாயாவின் கையில்லாத சட்டையைப் பார்த்ததும் ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

பழைய கட்டடத்தைத் தாண்டிப் புது வளவுக்குள் வந்தோம். மாயா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"அம்மா, கிரவுண்ட் எங்க?"

"இதுதான் பிள்ளை," என்றாள் ஷர்மிளா. அவள் வட்ஸ்அப் பார்ப்பதில்லை, பாவம்.

ஒரு நெற்போல் கோர்ட் போட்டால் கோல் அடிப்பவள் சுவரில் முட்டிக்கொள்வாள். அவ்வளவுதான் இடம். தோப்பு என்பது இரண்டு செவ்வரத்தைச் செடி. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. நான் கட்டிய மேல்மாடியைத் தேடி நானே அண்ணாந்து பார்த்தேன்.

"லைப்ரரி?" என்று கேட்டாள் மாயா.

"அது அந்த வீட்டுப் பாத்ரூம்," என்றாள் ஷர்மிளா. "பழைய புத்தகம் எல்லாம் பாத்டப்பிலதான் அடுக்கி இருந்துச்சு. உங்க அம்மாட வகுப்பு குசினி. பிளாக்போர்ட் சிங்குக்கு மேல. மிஸ் எழுதி முடிய அப்படியே கை கழுவுவாங்க."

கௌசியின் முகம் வெளிறிப் போயிற்று. "எங்களுக்குப் பெருசாத்தானே இருந்தது," என்று மெல்லச் சொன்னாள். எனக்குக் கௌசியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது இண்டர்வல் மணி அடித்தது. பிள்ளைகள் பழைய வளவிலிருந்து புது வளவுக்கு ஓடி வந்தார்கள். சுவரை உடைத்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் காலை உயரத் தூக்கி வைத்து, பின்னால் வருபவளிடம் "கால் கவனம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தரையோ மட்டமாக ஓடு பதித்துக் கிடந்தது.

மாயா குனிந்து பார்த்தாள். "அங்க ஒண்டுமே இல்லையே?"

எங்கள் காலத்தில் இருந்தது. மேசன் சுவரை உடைத்தபோது அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கல் வரிசையை விட்டுவிட்டான். முதல் வாரம் பள்ளி அதிபராக இருந்த சிஸ்டர் உட்படப் பலர் விழுந்தார்கள். அன்றிலிருந்து கடப்பவர் பின்னால் வருபவருக்குச் சொல்லவேண்டும் என்பது எங்கள் வகுப்பு போட்ட சட்டம்.

ஷர்மிளா ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்தினாள். "ஏன் மகள் கால் கவனம் சொல்றீங்க?"

"தெரியாது மிஸ். இங்க சொல்றதுதானே." பிறகு அவள் மாயாவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, வாறதெண்டா கால் கவனம்."

மாயா காலைத் தூக்கி வைத்தாள். பின்னால் நான் வந்தேன். அவள் சற்று யோசித்துவிட்டு எனக்கும் அதையே சொன்னாள், டொராண்டோத் தமிழில். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ் வேண்டாம் என்று த்ரீவீல் பிடித்தோம். ஆயிரத்துச் சொச்சம். பின்சீட்டில் நாங்கள் மூவர். கௌசிக்கு மகளிடம் கேட்கத் தைரியமில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டித்தான் மாயா வாய் திறந்தாள்.

"நீங்க எல்லாரும் நல்லாப் பொய் சொல்றீங்கள். சரி, அந்தக் குசினி வகுப்பில இடம் இருக்காமா?"

கௌசி அழத் தொடங்கிவிட்டாள். சாரதி கண்ணாடியில் பார்த்துப் பயந்துபோனார். "என்ன அக்கா, ஆஸ்பத்திரிக்கு விடட்டா?"

"இல்லத் தம்பி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிட்டுது."

"அதுக்கு பிள்ளைதானே அழோணும்," என்றார் அவர்.

போக நினைப்பவர்களுக்கு: பழைய மாணவி என்றாலும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தோள் மூடிய உடுப்பு கட்டாயம். ஏழு மணிக்கு முன்னோ பத்து மணிக்குப் பின்னோ பஸ் ஏறுங்கள், இடைப்பட்ட நேரம் தலைவிதி. முக்கியமாக, வகுப்புத் தோழிகள் சொல்லும் அளவுகளைப் பத்தால் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாயா இப்போது அங்கே ஆங்கில மொழிமூல வகுப்பில் இருக்கிறாள். கௌசி காலை ஐந்தரைக்கு எழும்பி அவளுக்கு இரட்டைப் பின்னல் போடுகிறாள். இழுக்கிறாய், நோகிறது, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மகள் தினமும் திட்டுகிறாளாம். அதை எனக்கு போன் எடுத்து முறைப்பாடாகச் சொல்லுகிறாள் கௌசி, ஒரு நாள்கூடத் தவறாமல், அவ்வளவு சந்தோஷமாக.