லவுத்தோக்கா கரும்புக்குள் இரண்டு லேசர், ஒரு மஞ்சள் பொட்டு

"கரும்புக்குள்ளே சர்க்கரை எங்கே இருக்குன்னு பார்க்க ஃபிஜி போறேம்மா" என்று போனில் சொன்னேன். "அதுக்கு எதுக்குப் பிளேன்? கடிச்சுப் பாரு" என்றார் அம்மா.

2007 ஜூலை, ஆலை அரவை நடக்கும் காலம். பிரிஸ்பேனில் எங்கள் ஆய்வகம் உருவாக்கிவரும் லேசர் நுண்ணோக்கியை முதன்முறையாக வெளியே எடுத்துப் போனேன். செல்களைப் பார்க்கச் சாயம் ஏற்றுவது வழக்கம். சில சமயம் சாயமே செல்லைக் கொன்றுவிடும். எங்கள் கருவியில் இரண்டு நிற லேசர்கள் ஒரே புள்ளியில் சேர்ந்து விழும். அந்த இடத்தில் உள்ள சர்க்கரை மூலக்கூறு அதிர்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வெட்டிய கரும்பு சீக்கிரம் மாறிவிடும் என்பதால் வயலருகிலேயே பார்க்க வேண்டும். வியாழக்கிழமை திரும்பும் விமானத்தைப் பிடிப்பதற்குள் உயிருள்ள ஒரு செல்லின் படம் கிடைக்காவிட்டால், என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே கிடையாது.

பிரிஸ்பேனிலிருந்து ஃபிஜியின் நாண்டி விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம். திங்கள் மதியம் இறங்கினேன். அங்கிருந்து, சர்க்கரை ஆலை உள்ள லவுத்தோக்கா நகரம் சுமார் 25 கிலோமீட்டர், டாக்ஸிக்கு 25 ஃபிஜி டாலர். ஓட்டியவர் முனுசாமி அண்ணன்; கரும்பும் பயிரிடும் ஃபிஜித் தமிழர். தங்கியதும் அவர் வீட்டில்தான், சாப்பாட்டோடு நாளுக்கு 40 டாலர். ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வழியில் நிறுத்திய ஒரு சிப்பாய் கருவி இருந்த என் இரண்டு பெட்டிகளையும் திறக்கச் சொன்னான். பூட்டைத் திறந்தபடி நான் ஏதோ முணுமுணுத்தேன். "கரும்பு டாக்டரு!" என்று அண்ணன் என்னைக் காட்ட, அவன் சிரித்துவிட்டு "புலா" என்று வணக்கம் சொல்லி அனுப்பினான்.

கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்ததால் அது அண்ணன் குடும்பத்தின் கடைசி அறுப்பு. நவம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிபோகிறார்கள். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அவற்றுக்கு நடுவே என் மேசை.

திங்கள் மாலை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் முழுக்கவும் திரை கறுப்புதான். சாலைக் குலுங்கலில் இரண்டு கதிர்களும் விலகிவிட்டன. சாயமில்லாத செல் தரும் ஒளி மிக மங்கல். அதை வைத்துக் கதிர்களைச் சேர்ப்பது இருட்டில் ஊசி கோப்பது போல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கரும்பு ரயில் வேறு மேசையை ஆட்டிவிட்டுப் போனது.

புதன் காலை ஆறரைக்கு எழுந்து வந்தால், அண்ணனின் மனைவி ரத்னம்மா அக்கா கருவிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு இரண்டு. நுண்ணோக்கியின் மேடையிலிருந்த வெற்றுக் கண்ணாடித் தகட்டுக்கும் ஒன்று, குழைத்த மஞ்சளில்.

"நம்ப லாரிக்கும் வெச்சுதான் எடுப்போம், தங்கச்சி. நீ வெக்காம ஓட்டுனா எப்படி ஓடும்?"

'அதைத் தொடாதீங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா போனதும் துடைத்துவிடலாம் என்று நின்றேன். அவர் போகவில்லை, கைகட்டிக் காத்திருந்தார். வேறு வழியின்றி லேசரைப் போட்டேன்.

திரையில் நட்சத்திரம் வெடித்தது.

மஞ்சள்! லேசர் பட்டால் பளீரென ஒளிரும் பொருள். ஒரே ஒரு துகளை நடுவில் வைத்து முதல் கதிரைச் சரிசெய்தேன். அதே துகளில் இரண்டாவதைக் கொண்டுவந்து சேர்த்தேன். நாற்பது நிமிடம்.

"அண்ணா, கரும்பு!" என்று நான் கத்தியது எனக்கே புதிது.

"அரே, டாக்டருக்குச் சத்தம் வருதே!" என்றபடி அண்ணன் வயலுக்கு ஓடினார். புதுத் தகட்டில், பிளேடால் சீவிய மெல்லிய துண்டு. அறைகள் அறைகளாகச் செல்கள் தெரிந்தன. சர்க்கரை நிறைந்த இடம் வெளிச்சமாக, ஓரத்தில் சிறு மணிகள் வரிசையாக நகர்ந்தபடி. செத்த செல்லில் இந்த ஓட்டம் இருக்காது.

"ஓடுது பாரு!" என்றார் அக்கா. "வெட்டினப்புறமும் உசிரு இருக்கா?"

"இருக்கு அக்கா."

"இருவது வருசமா வெட்டுறேன், எனக்கு ஒரு தடவகூட காட்டல பாரு இது" என்றார் அண்ணன். மூவரும் சிரித்தோம். அடுத்த ரயில் வருவதற்குள் பதினோரு படங்கள் எடுத்தேன்.

இப்படிக் கருவியோடு போகிறவர்களுக்கு: ஜூன் முதல் நவம்பர் வரை போங்கள். ரயில் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கதிர்களைச் சேர்க்க, நன்றாக ஒளிரும் மாதிரி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் மறந்தது அதைத்தான். எதைத் தொடக் கூடாது என்பதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் தப்பித்தது அதிர்ஷ்டம், முறையல்ல.

அன்று குறிப்பேட்டில் 'ஏற்றிய சாயம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அக்கா அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப என் பொட்டு?" என்றார். கீழே 'கதிர்களைச் சேர்த்தது: மஞ்சள் பொட்டு' என்று இன்னொரு வரி சேர்த்து, அவர் பெயரையும் எழுதினேன்.