பிரெஞ்சு பிரிண்டருக்கு என் மராத்தி வைத்தியம்

புனேயில் பாணேர் பகுதியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குப் பிரெஞ்சு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அவர்களுடைய பிரிண்டர் மக்கர் செய்தால் தொலைபேசியிலேயே சரிசெய்ய வேண்டும். ஐம்பது வயதில் பிரெஞ்சு படித்தேன்: "பிளக் சொருகியிருக்கிறதா?", "அணைத்துவிட்டு மறுபடி போட்டீர்களா?" முதல் அழைப்பில் சொதப்பினால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

முதலில் அழைத்தவர் ஓர் அம்மாள். பிளக்கைப் பற்றிச் சுத்தமாகக் கேட்டேன். அவர் பதில் சொன்னார். நான் கேள்விகளை மட்டுமே படித்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. புனேயில் இத்தனை வருஷம் மராத்திக்காரர்களிடம் நான் பிழைத்த வழி ஒன்றுதான் கைவசம் இருந்தது. அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் "ஹோ, ஹோ" என்றேன். மராத்தியில் ஆமாம் என்று அர்த்தம். அந்த அம்மாள் உற்சாகமாகப் பேசிக்கொண்டே எதையோ நகர்த்தினார். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "மெர்சி" என்றார். நன்றி என்கிறார்; அது மட்டும் எனக்குப் புரிந்தது.

நான் பொறுமையாகக் கேட்கிறேன் என்று பாராட்டிய மேனேஜர், என்னை அந்தக் குழுவிலேயே நிரந்தரமாக வைத்தார்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "மிக்ஸி ஓடலைன்னு நான் சொன்னப்பவும் இதே ஹோதான் போட்டீங்க," என்றாள் மனைவி. "அது இன்னும் ஓடலை."

"ஹோ," என்றேன்.