லாபான் யாருக்குத் தாய்மாமன்

தோபா ஏரிக் கரையில் விருந்து என்றால் பன்றி வேண்டும், அரிசி வேண்டும், மரோலப் சியாகியான் வேண்டும். பாலிகே சுற்றுவட்டாரத்தில் குலத்தின் சார்பில் எழுந்து நின்று பேச அவரை விட்டால் ஆளில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் சொன்னவர் அவர்தான். பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். வெட்டிய பன்றியில் எந்தத் துண்டு எந்த உறவுக்கு என்பதில் அவர் வைத்ததே சட்டம். கொஞ்சம் நெல்வயல் இருந்தது, ஆனால் அவருடைய உண்மையான விளைநிலம் வாய்தான்.

அந்த வாயால் ஒரு முறை வினையும் விளைந்தது. சில வருடங்களுக்கு முன்னால் சொந்த வீட்டு விசேஷத்தில், பெண் கொடுத்த வீட்டாருக்குப் போக வேண்டிய விலாக்கறியை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அதிகாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மனைவியின் அண்ணன் ஜாய்ஹுட் தட்டில் கழுத்துக்கறியை வைத்தார். வைத்துவிட்டு, அது ஏன் சரி என்று அரை மணி நேரம் பேசவும் செய்தார். ஜாய்ஹுட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனவர்தான். அதன்பின் இந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. மலைமேல் இருந்த அண்ணன் வீட்டுக்கு மனைவி தியூர்மாவும் போகவில்லை. அந்த அதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். அவரால் மரோலப்புக்கு ஒரு தெருவிளக்குகூடக் கிடைக்கவில்லை.

இந்த வருடம் அறுப்பு முடிந்ததும் மகள் ஹெர்லினாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து ஆசீர்வாதத் துணியைப் பெண்ணின் தோளில் போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடக்காது. நடந்தாலும் அதைக் கல்யாணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரோலப் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தியூர்மாவின் ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட, எண்ணிக்கை தெரியாமல் விட்ட ஒரு அண்ணன் மேதான் நகரத்தில் டயர் கடை வைத்திருந்தான். அவனைக் கூட்டி வந்து நிறுத்திவிடலாம் என்றார்.

"வாடகைக்கு நாற்காலி எடுக்கலாம், பந்தல் எடுக்கலாம். மாமனை எடுக்க முடியுமாங்க?" என்று தியூர்மா கேட்டாள். மரோலப் அதற்கு முறை, வழக்கம் என்று ஆரம்பித்தார். அவள் பன்றிக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

இதற்கிடையில்தான் போதகர் லாஸ்மா அம்மா ஒரு காரியம் செய்தார். வருடத் தொடக்கத்திலேயே, வீட்டுக்கு வீடு தினமும் வேதம் வாசிக்க வேண்டும், புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் யாராவது ஒருவர் அன்றைய அதிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அறிவித்துவிட்டார். சபையே ஆமென் சொன்னது. மரோலப்பின் ஆமென் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. வாசிக்காமல் இருக்க நினைப்பவர்களின் ஆமென் எப்போதும் அப்படித்தான். அவர் வீட்டுப் பைபிள், திருமணத்தன்று கொடுத்தது, அலமாரியில் நல்ல கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்பார்கள்.

புதன்கிழமை கூட்டம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. வாழையிலையில் அவித்த லாப்பெட் கொழுக்கட்டையும் காப்பியும் தயாராக இருந்தன. சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். அன்றைய பகுதி லேவியராகமம் பதிமூன்று என்று மட்டும் அவருக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தார். பன்றியைப் பார்க்காமலே பங்கு பிரித்தவருக்கு இது ஒரு பெரிய காரியமா?

எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "இந்த அதிகாரத்தை வாசிச்சப்ப என் கண்ணு கலங்கிடுச்சு. ஒரு மேய்ப்பன் காணாமப்போன ஆட்டைத் தேடுற மாதிரி ஆண்டவரோட அன்பு இதுல வரிக்கு வரி வழியுது. எங்க தாத்தா காலத்துல..." என்று போய்க்கொண்டே இருந்தார். பத்து நிமிடம். முன்னால் இருந்தவர்கள் குனிந்து மடியில் திறந்திருந்த பைபிளைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு லாப்பெட்டைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நன்றி," என்றார் போதகர் அம்மா. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஹெர்லினா அம்மா, அந்தப் பகுதியை ஒரு தடவை வாசிச்சுடுங்க."

தியூர்மா வாசித்தாள். தோலில் வரும் தடிப்பு, வெள்ளைப் படை, புண், தாடியில் சொறி. அவள் நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். தலைமயிர் உதிர்ந்தவன் மொட்டையன்தானே தவிர தீட்டுள்ளவன் இல்லை என்ற இடம் வந்தபோது, கள்ளுக்கடைத் தோழன் தோகர் மரோலப்பின் பளபளத்த தலையைப் பார்த்து, "அப்ப நீ சுத்தம்தான் மச்சான், கவலைப்படாதே," என்றான். அதோடு கூட்டம் கலைந்தது. ஜெபம் முடிந்ததா இல்லையா என்பதில் இன்றுவரை இரு கருத்து உண்டு.

அவமானம் சில பேரைக் குடிக்க வைக்கும். மரோலப் ஏற்கனவே குடித்துக்கொண்டிருந்ததால் அவரை வாசிக்க வைத்தது. மறுநாள் காலையில் கோப்பைகளை நகர்த்திப் பைபிளை எடுத்தார். பக்தியா என்றால், இல்லை. ஊர் முன்னால் தன்னை மடக்கிய புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கோபம். ஆதியிலிருந்தே தொடங்கினார்.

மற்றவர்கள் வழக்கமாக எங்கே தூங்கிப்போவார்களோ அங்கேதான் அவர் விழித்துக்கொண்டார். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாகப் பெயர் வந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹெர்லினா அம்மா, இது நம்ம ஆளுங்க எழுதின மாதிரி இருக்கே," என்றார். இதுவரை அவர் எந்தப் புத்தகத்துக்கும் கொடுத்ததிலேயே பெரிய பாராட்டு அது.

அன்றிலிருந்து விடியும்போது காப்பி, காப்பியோடு ஒரு அதிகாரம், சத்தமாக. ஒரு நாள் தவறினால் கள்ளுக்கடையில் சொல்ல ஒன்றும் இருக்காது என்பதால் ஒரு நாளும் தவறவில்லை. பரிசுத்த ஆவியானவர் எந்தெந்த வழியில் எல்லாம் வேலை செய்கிறார் பாருங்கள்.

"லாபான் யாக்கோபுக்கு என்ன முறை சொல்லு," என்று சாயங்காலம் தோகரை மடக்குவார்.

"எனக்கென்ன தெரியும். பக்கத்து ஊர்க்காரனா?"

"தாய்மாமன்டா. ரெபெக்காளோட அண்ணன். மாமன் மகளைத்தான் கேக்குறான். சரியான முறை."

"நேத்து நீ சொன்ன ஆளா? அப்புறம் ஏன் மூத்த மகளைத் தலையில தள்ளிவிட்டான்?"

"அதான். பொண்ணு குடுத்த வீடுன்னா என்ன வேணா செய்யலாம்னு ஒரு திமிரு. ஏழு வருஷம் வேலை வாங்கிட்டு, இன்னும் ஏழு வருஷம் கேக்குறான். இவனுக்கெல்லாம் விலாக்கறி ஒரு கேடா?"

கள்ளுக்கடையில் இருந்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள். லாபானுக்கு யாரும் கறி வைத்ததாக வேதத்தில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டிலும் தினமும் லாபானுக்குத் திட்டு விழுந்தது. தியூர்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அடுத்த வாரம் கல்யாண அழைப்பு கொடுக்கப் போக வேண்டும் என்ற நிலையில் முப்பத்தொன்றாம் அதிகாரம் வந்தது. யாக்கோபு மாமனிடம் சொல்லாமல் கொள்ளாமல் பெண்டுபிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். லாபான் துரத்திக்கொண்டு வந்து பிடிக்கிறான். மரோலப் உற்சாகமாகக் குரலை ஏற்றினார். லாபான் கேட்கிறான்: என் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிட்டு அனுப்பக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லையே?

"அந்த இடத்தைத் திரும்ப வாசிங்க," என்றாள் தியூர்மா.

வாசித்தார்.

"இன்னொரு தடவை."

பாதியில் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் இருந்த கீரைக்கட்டு பிரிக்கப்படாமலே இருந்தது.

"உலகத்துல இருக்கிற தாய்மாமனை எல்லாம் எண்ணிட்டீங்க," என்றாள். "ஹெர்லினா கைக்குழந்தையா இருந்தப்ப மலையிலிருந்து நடந்தே வந்து தூக்கி வெச்சுக்கிட்டவன் ஒருத்தன் இருக்கான். அவனையும் கணக்குல சேர்த்துக்குங்க, ஹெர்லினா அப்பா."

பேச்சாளர் மரோலப் மீதி அதிகாரத்தை மனதுக்குள் வாசித்தார். மாமனும் மருமகனும் அதில் கட்டிப்பிடித்து அழவில்லை. இதைத் தாண்டி நீ வராதே, நானும் வர மாட்டேன் என்று கல்லைக் குவித்து எல்லை போட்டுக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் துளியும் நம்பவில்லை. ஆனால் அந்தக் கற்குவியல் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இவ்வளவுதான் என்றால் நம்மாலும் முடியும் என்று மரோலப்புக்குத் தோன்றியது. அவருக்கு ஏற்ற அளவில் ஆண்டவர் வெட்டி வைத்த சமாதானம் அது.

மறுநாள் சனிக்கிழமை ஒரு பன்றியை அடித்துச் சமைத்து, விலாக்கறியை மேலே வைத்துக் கூடையில் கட்டி, மனைவியோடும் மகளோடும் மலை ஏறினார். வழி முழுக்க ஒரு உரையைத் தயார் செய்தபடி வந்தார். அதில் முன்னோர்கள் இருந்தார்கள், ஏரி இருந்தது, ஆலமரம் இருந்தது. மன்னிப்பு மட்டும் கடைசி வரியில், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தது.

ஜாய்ஹுட் வாசலில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துப் போயிருந்தது. ஹெர்லினாவைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு எழுந்ததற்கு வெட்கப்பட்டவர் போல வேட்டியைச் சரிசெய்தார்.

மரோலப் தொண்டையைச் செருமினார். ஆலமரம் வரவில்லை. ஏரியும் வரவில்லை. கூடையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"விலாக்கறி மச்சான். அன்னிக்கே உங்களுக்குக் குடுத்திருக்கணும். தப்பு என்னோடது."

ஜாய்ஹுட் கூடையைத் திறந்து பார்த்தார். "எந்த அதிகாரத்துல இருக்கே?" என்றார்.

"முப்பத்தொண்ணு."

"எங்க சபையிலயும் அதே வாசிப்புதான். நான் அதைத் தாண்டி எவ்வளவோ நாளாச்சு. நீ எப்பவுமே மெதுவு." ஹெர்லினாவின் தலையில் கை வைத்தார். "உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது."

பெண் கொடுத்த வீட்டார் வழக்கப்படி தட்டில் மீன் வந்தது. மஞ்சள் மினுங்க, முழுக் கெண்டை, தலை அவர்களைப் பார்த்தபடி. எல்லாரும் சாப்பிட்டார்கள். தியூர்மா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டாள். அதை யாரும் கவனிக்காதது போல இருந்தார்கள்.

இரண்டாவது துண்டை எடுக்கும்போதுதான் மரோலப்பின் கை நின்றது. இந்த மீன் குழம்பு வற்ற அரை நாள் சிறு தீயில் இருக்க வேண்டும். தாங்கள் வரப்போவதாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்தார்.

"நீ எப்போ சொல்லி அனுப்பினே?"

"இந்தச் சனிக்கிழமை வருவோம்னா?" தியூர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க லாபானைத் திட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே. பாத்துச் சாப்பிடுங்க, முள்ளு இருக்கு."