அத்தை எழுந்த வாரம்

என் மகள் ஒரு நாள் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். மறுநாள் அவள் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தால் அதற்கும் பயப்படுவேன். இரண்டும் குழந்தைகளுக்கு இயல்புதான் என்று படித்திருக்கிறேன். இருந்தாலும் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன், காய்ச்சலைப் போல இது கைக்குத் தெரியும் என்பதுபோல.

தொண்ணூறுகளில் நாங்கள் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருந்தோம். டீச்சர் டிரெயினிங் முடித்திருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். அந்த ஐப்பசி முழுவதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். தலை வாரவில்லை. அம்மா சோறு பிசைந்து ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. "நான் எதுக்குங்கண்ணி இருக்கோணும்?" என்று ஒருமுறை கேட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் அப்பா கோயமுத்தூரில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க நாள் வாங்கி வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும் என எனக்குப் பாடம் நடந்தது.

அந்த நாள் வருவதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் உட்காரவே இல்லை. விடிவதற்குள் வாசலைப் பெருக்கி, எருதுகளின் கொம்புக்கு வண்ணம் பூசினாள். பொங்கலுக்கு இன்னும் நாள் கிடந்தது. மாட்டுக் கொட்டகையில் பள்ளிக்கூடம் தொடங்கப்போவதாகச் சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். கரும்பலகைக்காக ஒரு கதவைக் கழற்றிக் கரி பூசினாள். கலெக்டரே வந்து திறந்துவைப்பார் என்றாள். ஒரு பேச்சு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். என்னைத் தலைமையாசிரியை ஆக்கினாள். எனக்கு அதுவரை அப்படியொரு நல்ல வாரம் வாய்த்ததில்லை.

வீடே மூச்சுவிட்டது. கதவு போனதைப் பற்றிக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

"ஏனுங்க, இனி எதுக்குங்க டாக்டரு? பொண்ணு எந்திரிச்சுட்டா. அங்கெல்லாம் போனான்னு தெரிஞ்சா நாளைக்கு யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க?" என்றாள் அம்மா.

"தூங்கவே மாட்டீங்கறாளே, அம்மணி," என்றார் அப்பா.

"ஒரு மாசம் தூங்குனது பத்தாதுங்களா?"

அப்பாவே சிரித்துவிட்டார். ஆனாலும் மனம் கேட்காமல் முடிவைச் சாமியிடம் விட்டார். எங்கள் பக்கத்தில் அதைப் பூக் கேட்பது என்பார்கள். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி முன் வைத்து, விவரம் தெரியாத குழந்தையிடம் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் டாக்டர் வேண்டாம். சிவப்பு வந்தால் போவது. விவரம் தெரியாத குழந்தை நான்தான்.

கோயிலுக்கு நடக்கும்போது மற்றவர்கள் முன்னால் போனார்கள். என் கையைப் பிடித்துப் பாடிக்கொண்டே வந்த அத்தை திடீரென்று குனிந்து, "செவப்பு எடு கண்ணு. எனக்கு உள்ள ஓடிட்டே இருக்குது. நிறுத்தத் தெரியலெ," என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த வாரம் அவள் சொன்னதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

நான் எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். வெள்ளை.

தையில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஆடிக்குள் மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் சுவர், மறுபடியும் ஓட்டம். நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் மருத்துவரிடம் போனோம். படுத்துக் கிடக்காத நாட்களில் எப்படி இருப்பாள் என்று அவர் கேட்டார். "அப்பெல்லாம் ரொம்ப நல்லாத்தானுங்க இருப்பா," என்றார் அப்பா. இரண்டும் ஒரே நோய் என்று மருத்துவர் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை. அத்தை இப்போதும் பின்னறையில்தான் இருக்கிறாள். மாத்திரை கைநடுக்கத்தைக் கொடுத்தது. போன வருடங்களைக் கொடுக்கவில்லை.

அன்று கோயிலில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அத்தை அந்த வெள்ளைப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். என்னை வாரித் தூக்கிச் சுற்றினாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். என் நெஞ்சோடு ஒட்டியிருந்த அவள் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அத்தைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன்.