கதவடியில் இருந்த பை

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அதே கிழமைதான் எங்கள் வீட்டின் இரண்டாவது அறையைக் காலி பண்ணுவதென்று தீர்மானித்தேன். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் கணவர் கேட்டார். சம்பந்தம் இருந்தது. சுனாமி வந்து நாலரை வருஷமாகியும் எங்கள் வீட்டில் சுனாமி முடியவில்லை. அது அந்த அறைக்குள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது.

கல்முனைக் கடற்கரையில் இருந்த வீடு போன பிறகு, வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு மண்டபம், இரண்டு அறை, ஒரு குசினி. ஒரு அறையில் நானும் கணவரும் இரண்டு ஆண்பிள்ளைகளும். மற்ற அறையில் நிவாரணம். ஒன்பது வாளிகள், நான்கு தார்ப்பாய்ப் படங்குகள், கம்பிகளோடு ஒரு முழுக் கூடாரம், பிரிக்காத பாத்திரப் பெட்டிகள், போர்வைகள், பனி கொட்டும் நாட்டில் யாரோ போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டுகள். கல்முனை வெயிலில் கம்பளிக் கோட்டை யார் போடுவது? "கிடக்கட்டும்" என்பார் கணவர். அவர் நாவிதன்வெளிப் பக்கம் நெல் வாங்கி விற்கிறவர், ஒரு வெறும் சாக்கைக்கூட வீச மாட்டார். நிக்காஹ் அன்று சம்மதமென்று "கபூல்" சொன்ன வாயால் அதன் பிறகு அவர் அதிகம் சொன்ன சொல் "கிடக்கட்டும்" ஆகத்தான் இருக்கும்.

எங்கள் மூத்தவளுக்கு அப்போது பத்து வயது. அவள் மண்டபத்தில், வாசல் கதவடியில் பாய் போட்டுப் படுத்தாள். அறையில் இடமில்லை என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மையான காரணம் கதவடியில் இருந்த ஒரு பை. அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். என் பிள்ளை ஓடுவதற்குத் தயாராகப் படுக்காமல், ஒரு அறைக்குள், ஒரு கட்டிலில், கையைக் காலை நீட்டித் தூங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த அறையோடு சண்டைக்குப் போனேன்.

பையின் கதையைச் சொல்வதற்கு முன் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு கைகள். கணவர் நெல் விஷயமாக நாவிதன்வெளிக்குப் போயிருந்தார். ஒரு இடுப்பில் பத்து மாதக் குழந்தை, மறு இடுப்பில் மூன்று வயதுக்காரன். ஆறு வயது மகள் என் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். தண்ணீர் காலைத் தட்டியபோது அவள் பிடி விட்டது. எந்த இடத்தில் விட்டது என்றே எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன், இல்லை. லுஹர் தொழுகை நேரம் தாண்டிய பிறகு, பிரதான வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியிலிருந்து அவளை எடுத்தேன். உயிரோடு கிடைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. அதனால் இதைச் சொல்லி அழ எனக்கு உரிமையில்லை என்று நானே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன். அவளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கதவடிக்கு ஒரு பை வந்தது. நிவாரணத்தோடு வந்த கறுப்புப் பை, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஒரு டோர்ச் லைட். எல்லாக் காகிதங்களையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்று மறுபடியும் எடுத்த எங்களுக்குத்தான் அந்தப் பையின் அருமை தெரியும். மகளின் பயத்தைத் தெளிய வைக்க அதை அவளிடம் ஒப்படைத்தேன். நான் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. அழுகிற பிள்ளையின் கையில் சோக்குப் பெட்டியைக் கொடுத்து, "இது உன் பொறுப்பு" என்றால் அழுகை நின்றுவிடும். வகுப்பில் பலித்த வித்தை வீட்டில் பலிக்காமல் போகுமா என்று நினைத்தேன்.

அதன் பிறகு இரண்டு தடவை கடல் வருகிறது என்று ஊரே எழும்பி ஓடியது. இரண்டும் வதந்தி. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு மாமி ஒரு கையில் கோழியும் மறு கையில் டீவி ரிமோட்டுமாக ஓடினார். டீவி வீட்டில்தான் இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். மகள் மட்டும் சிரித்ததில்லை.

யுத்தம் முடிந்த அந்த நாட்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வவுனியா முகாம்களில் இருக்கும் சனங்களுக்கு உடுப்பும் பாத்திரமும் சேர்க்கிறார்கள், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு லொறி புறப்படும். எனக்கு வேறென்ன வேண்டும்? மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு மண்டபத்தில் மூன்று பாய்களை விரித்தேன். ஒன்று வைப்பதற்கு, ஒன்று கொடுப்பதற்கு, ஒன்று வீசுவதற்கு. கிழிந்தது, பொத்தான் இல்லாதது, சிப் பூட்டாதது எதுவும் கொடுக்கிற பாய்க்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். சுனாமி நேரம் எங்களுக்கு வந்த மூட்டையில் கை பிய்ந்த சட்டைகள் இருந்தன. அதை விரித்துப் பார்த்தபோது வந்த அவமானத்தை நான் இன்னொருத்திக்கு அனுப்பத் தயாராக இல்லை.

பிள்ளைகள் நன்றாகத்தான் வேலை செய்தார்கள். பெரிய பையன் ஒரு கட்டத்தில் தம்பியைத் தூக்கிக் கொடுக்கிற பாயில் உட்கார வைத்தான்.

"இவனையும் அனுப்புவம் உம்மா. நல்ல நிலையிலதான் இரிக்கான்."

சின்னவன் ஊரைக் கூட்டினான். இந்தப் பக்கம் இவர்களின் சண்டையைத் தீர்ப்பதற்குள் அந்தப் பக்கம் கணவர் மூன்று வாளிகளை மறுபடி அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதனால் இன்னொரு சட்டமும் போட வேண்டியதாயிற்று. போகிற சாமான் எல்லாம் கட்டி வாசல் கதவடிக்கு வரும். கதவடிக்கு வந்தது திரும்பி உள்ளே போகக் கூடாது. மூன்று நாளாக இதைக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டியது.

மகள் எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்துக் கட்டினாள். அறையில் தரை தெரிந்தபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையும் உள்ள வருமா உம்மா?" என்று கேட்டாள்.

"பை என்னத்துக்கு உள்ள? அது கதவடியில இரிக்கட்டும்."

அவள் குனிந்து அடுத்த மூட்டையைக் கட்டினாள். நான் அந்தக் கேள்வியைக் கணக்கில் எடுக்கவில்லை. கட்டிலுக்கு எந்தப் பக்கம் இடம் விடுவது என்பதில்தான் என் புத்தி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கணவர் பெட்டி பூட்டிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கூட்டி வந்தார். மகள் குர்ஆன் ஓதப் போயிருந்தாள். நான் குசினியில் கடைசிப் பாத்திரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச பாரு, இதெல்லாமே போற சாமானா?" என்று மண்டபத்திலிருந்து கேட்டார்.

"கதவடியில இரிக்கிறது முழுக்கப் போகுது! ஒண்டையும் திருப்பி உள்ள கொண்டுவரக் கூடாது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் "கிடக்கட்டும்" என்று சொல்லவில்லை. சொன்னபடி செய்தார். கதவடியில் இருந்த அத்தனையும் ஏறிப் போயின.

அஸர் பாங்கு சொல்லும் நேரம் மகள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"உம்மா, பை எங்க?"

சின்னவனை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கும் விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பைக்குள். வீட்டுப் பத்திரம் பைக்குள். நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள் அவள் தெருவில் இறங்கி ஓடிவிட்டாள். கையில் கிடைத்த முக்காட்டைப் போட்டுக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

பள்ளிவாசல் முற்றத்தில் லொறி நின்றது, பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. பொறுப்பாக நின்ற மரைக்கார் என்னைக் கண்டதும் கேள்விகூடக் கேட்கவில்லை.

"பை தேடித்தானே வாறீங்க? அந்தா மூலையில இரிக்கி."

சுவரோரமாகப் பதினொரு கறுப்புப் பைகள் வரிசையாக இருந்தன.

"கதவடியில காப்புக்கு ஒரு பைய வெச்சிரிக்கீங்க, குடுக்கிற சாமானையும் கொண்டுவந்து கதவடியில வெக்கிறீங்க. புள்ளையள்ற பிறப்புச் சான்றிதழயெல்லாம் வவுனியாக்கு அனுப்பப் பாத்தீங்களே!" என்றார் மரைக்கார்.

எனக்கு முன்னால் வந்த இரண்டு பெண்கள் பைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் யாருடையதோ வீட்டுப் பத்திரம். இன்னொருவர் ஒரு கலியாணச் சான்றிதழைப் படித்துவிட்டு, "இந்த ஆளை நான் கட்டல்லியே" என்றார். பதற்றத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் எதையும் திறந்து பார்க்கவில்லை. நேராகப் போய் ஒரு பையை எடுத்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதை மடியில் அணைத்துக்கொண்டாள். எங்களுடையதுதான். சிப்பை இழுத்துக் காகிதங்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன. உயிர் வந்தது, உயிரோடு என் பிடிவாதமும் வந்தது.

"இதெல்லாத்தையும் இனி அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டுவம் மகள். பையக் குடுத்திருவம். அந்தச் சனத்துக்கு உதவும்."

"வேணாம்."

"பேப்பர் ஒண்டும் துலையாது. அலுமாரித் திறப்ப உனக்கிட்டயே தாறன்."

"பேப்பரை நீங்க எடுங்க. எனக்குப் பை வேணும்."

"வெறும் பையை வெச்சி என்ன செய்யப் போறாய்?"

அவள் என்னைப் பார்க்காமல், வாரைச் சுற்றிச் சுற்றிப் பேசினாள்.

"தண்ணி வருகுதெண்டு ஓடினம் தானே, மாமி கோழியத் தூக்கிட்டு ஓடின அண்டைக்கி. நீங்க தம்பியாக்கள ரெண்டு பேரையும் தூக்கிட்டு, 'பை எங்க, பை எங்க' எண்டுதான் கத்தினீங்க. என்னைக் கூப்பிடல்ல. பை எனக்கிட்ட இரிந்திச்சி. அதாலதான் என்ர கையையும் பிடிச்சீங்க. பை இல்லாட்டி நான் எங்க நிக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியாது உம்மா."

பை இருக்கிற இடத்தில் நீ இருப்பாய் என்று தெரிந்துதான் கேட்டேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அது பொய். அன்று நான் பையைத்தான் தேடினேன். வரிசைகளும் முத்திரைகளும் அலுவலகங்களும்தான் அந்த நேரத்தில் என் கண்ணில் நின்றன. நாலரை வருஷமாக என் பிள்ளை கடலுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பயந்தது எனக்கு. வெட்கம் என்றால் என்னவென்று அந்த முற்றத்தில் தெரிந்துகொண்டேன்.

அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"ஓம் மகள். பையத்தான் கேட்டன். அது பிழை. முதல் தரம் உன்னை விட்டிட்டு ஓடினன், ரெண்டாம் தரம் உன்னைக் கேக்கவே இல்ல. ரெண்டும் என்ர பிழை. உன்ர பிழை ஒண்டுமில்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்கவும் இல்லை. மரைக்கார் நல்ல மனிதர், அந்தப் பக்கம் திரும்பி லொறிக்காரரோடு கதைக்கத் தொடங்கினார்.

"மறுகாத் தண்ணி வந்தா?" என்று கேட்டாள்.

"முதல்ல உன்ர பேரைத்தான் கூப்பிடுவன். உன்ர கையைப் பிடிச்ச பிறகுதான் மத்தது எல்லாம்."

"தம்பியாக்கள்?"

"அவனுகளுக்கு இப்ப கால் இரிக்கிதானே. ஓடட்டும்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். டோர்ச் லைட்டை என் கையில் தந்தாள். எழும்பிப் பையைக் கவிழ்த்து உதறினாள். கொஞ்ச நேரம் வெறும் பையைப் பிடித்தபடி நின்றாள், நான் அவசரப்படுத்தவில்லை. லொறி போய்விட்டாலும் போகட்டும், இன்னொரு லொறி வரும் என்று இருந்தேன். கடைசியில் அவளே நடந்து போய் மரைக்காரிடம் நீட்டினாள். "இதும் போற சாமான்தான்" என்றாள்.

காகிதங்களை முக்காட்டுத் தலைப்பில் சுற்றி ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவள் கையைப் பிடித்தேன். என் தோள் உயரத்துக்கு வந்துவிட்ட பிள்ளையைச் சின்னப் பிள்ளை மாதிரிக் கைபிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அறைக்குள் கட்டிலைச் சுவரோரமாகப் போடுவதா ஜன்னலோரமாகப் போடுவதா என்று அவள் கேட்டாள். பதிலையும் தானே சொன்னாள், ஜன்னலோரம். இருவரும் வியர்த்துப் போயிருந்தோம். பெரிய தெருவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில், "கை நோகுது உம்மா, கொஞ்சம் விடுங்க" என்றாள்.

மாட்டேன் என்றேன்.