எறும்பு கடித்த மாதிரி

சின்ன சிஸ்டர் வந்து சேரும் வரைக்கும் பெரிய சிஸ்டருக்கு வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்றே தெரியாது. கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொள்ள அந்த மருத்துவமனைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள். வேறு ஆளே கிடையாது என்பதும் ஒரு காரணம்தான். பெரிய சிஸ்டர் அதைக் காரணமாகச் சேர்த்ததில்லை. எல்லாம் தன் கைராசி என்றே நினைத்திருந்தாள்.

வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள முடியாது. "மூச்சை நல்லா இழுத்து விடும்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். மூச்சு வெளியே வருவதற்குள் காப்பர்-டி உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், நூலையும் நறுக்கியிருப்பாள். அவள் போட்டது இடம் மாறியதில்லை, வெளியே வந்து விழுந்ததும் இல்லை. யாராவது முனகினால், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

இப்போது நடைகூடத்தில் ஆளுக்கொன்றாக இரண்டு அறைக் கதவுகள், நடுவில் ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் இருக்கும் அத்தனை முகமும் சின்ன சிஸ்டரின் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய சிஸ்டர் தலையை நீட்டி, இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டால் பெண்கள் தங்கள் கால் விரல்களை ஆராய ஆரம்பிப்பார்கள். ஒரு நாள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஒருத்தி, அவசரம் அவசரம் என்று பறந்தவள், எந்த அறை காலி என்று தெரிந்ததும் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்து, "பரவாயில்ல சிஸ்டர், அவ்வளவு அவசரமில்ல" என்றாள். அன்று பெரிய சிஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி என்ன மாயம் செய்கிறாள் அந்தப் பொடிசு? இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த மெல்லிய தடுப்பில் காதை வைத்துக் கேட்டாள். சர்க்கரைப் பேச்சு எதுவும் இல்லை. நடுநடுவே ஒரே அமைதிதான். கை தடுமாறி நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துப் பெரிய சிஸ்டருக்கு வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் வெளியே வந்த பெண் சிரித்த முகமாக வந்தாள். குளிர்ந்தது மறுபடி பற்றிக்கொண்டது.

இந்த லட்சணத்தில் பெரிய சிஸ்டரின் சொந்த காப்பர்-டிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. பத்து வருஷம் தாண்டியும் மாற்றாமல் இன்று நாளை என்று தள்ளிப் போட்டிருந்தாள். இந்த மாதம் நாள் தள்ளிப்போனதும் குலை நடுங்கிவிட்டது. மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஊருக்கெல்லாம் போட்டுவிடுகிறவள் தனக்குப் போடத் தெரியாமல் விட்டாள் என்ற பேச்சையும் வாங்க வேண்டுமா? நல்லவேளை, தாமதமாகவாவது வந்தது. இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது. ஆனால் யாரிடம் போவது? இங்கே புது டாக்டர் ஆண். பக்கத்து மருத்துவமனையிலோ நாத்தனார் வேலை செய்கிறாள். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

பெஞ்சு காலியான பிறகு, வேண்டா வெறுப்பாகச் சின்ன சிஸ்டரின் பரிசோதனை மேஜையில் போய்ப் படுத்தாள். ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட்டுத்தான் இறங்குவது என்று முடிவு செய்திருந்தாள்.

பழையது நோகாமல் வந்துவிட்டது. புதியதற்கு முன்னால் மெல்லிய கம்பியை விட்டுக் கருப்பையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி அந்த வலி வந்தது. பெரிய சிஸ்டர் அதற்குத் தயாராக இல்லை. அவளுக்கு முன்பு போட்டது இரண்டாவது பிள்ளையின் அறுவைப் பிரசவத்தின்போது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத நேரம். ஊருக்கெல்லாம் போட்டவளுக்கு அது எப்படி வலிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"நிறுத்து" என்றாள்.

சின்ன சிஸ்டர் அந்த நொடியே கையை எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லவில்லை. அமைதியாக நின்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தான் கேட்டது இதைத்தான் என்று பெரிய சிஸ்டருக்குப் புரிந்தது. மாயம் இவ்வளவுதானா என்று நினைத்தபோது பொறாமை முன்னைவிட அதிகமாக எரிந்தது. இதைச் செய்யத் தன்னாலும் முடிந்திருக்கும்.

"யாரு சொல்லிக் கொடுத்தா இப்படி நிறுத்தணும்னு?"

சின்ன சிஸ்டர் கருவியைத் தட்டில் வைத்தாள். "யாரும் சொல்லித் தரலக்கா. எனக்கு நீங்கதான் போட்டீங்க. இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, மூத்தவன் பிறந்தப்போ. நிறுத்துங்கன்னு மூணு தடவை சொன்னேன். எறும்பு கடிதான்னீங்க."

பெரிய சிஸ்டர் அந்த முகத்தை எங்கெங்கோ தேடிப் பார்த்தாள். நினைவில் இல்லை. அவளிடம் படுத்த யாருடைய முகமும் நினைவில் இல்லை.

சின்ன சிஸ்டர் குத்திக் காட்டுகிற மாதிரி எதுவும் மேலே பேசவில்லை. "இன்னிக்கு வேணாம்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம்கா. போடணும்னா நீங்க சொன்னதும் ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

"போடு" என்று ஒரு வார்த்தை சொல்லப் பெரிய சிஸ்டருக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை சின்ன சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.