திருச்சியில் பனி கிடையாது

போன மாசியில், திருவானைக்காவல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் புவியியல் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கப் போனேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த மாதிரியே அப்பா தொட்டியம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

கேட்க இரண்டு பேர். தாளாளர் காதை மூடி மப்ளர் சுற்றியிருந்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கையைக் கட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஏசி ஓடியது. அணைத்தால் கௌரவம் குறைந்துவிடும் போல.

பலகையில் 'மாறிவரும் மாசிப் பனி' என்று எழுதினேன்.

"பனிக்கு இங்கிலீஷ்ல என்ன தம்பி?" என்றார் பேராசிரியர்.

"விடியக்கால மூட்டம், குளிர், இலையில எறங்குற ஈரம் எல்லாம் சேர்ந்ததுங்க சார். ஒத்தை வார்த்தையில வராது."

"ஸ்னோன்னு இருக்கே."

தாளாளர் சிரித்தார். "திருச்சியில ஏதுங்க ஸ்னோ? பசங்க நம்மள ஓட்டுவானுங்க."

நான் விடாமல் விளக்கினேன். மழைக்காலம் முடிந்ததும் வானம் வெளுக்கிறது; மூட மேகம் இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டை மண் இரவில் விட்டுவிடுகிறது; வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சேர்ந்துகொள்கிறது. இப்போது காற்றில் கலந்த புகையும் நகரத்துச் சிமெண்டும் சூட்டைப் பிடித்துவைப்பதால் இரவுகள் மொத்தத்தில் வெதுவெதுப்பாகி வருகின்றன. ஆனால் குளிர் ஒழுங்காக விடைபெறுவதில்லை. சில வருடம் தையிலேயே காணோம். சில வருடம் வெயில் தொடங்கிய பிறகு திரும்பி வந்து, குலை தள்ளிய வாழையில் காயைத் திரளவிடாமல் நிறுத்துகிறது.

"சிவராத்திரியோட பனி சிவசிவான்னு ஓடிரும். எங்க ஆத்தா சொல்லும். இதுல என்னங்க ஆராய்ச்சி?" என்றார் தாளாளர்.

"சிவராத்திரி போன வாரமே முடிஞ்சிருச்சு சார். இன்னைக்குக் காலையிலயும் பனி இருந்துச்சே."

"லேட்டா போகுது, அவ்வளவுதான்" என்றார் பேராசிரியர், முசிறி பஸ்ஸைப் பற்றிச் சொல்வதைப் போல. முப்பது வருடமாவது பாடம் நடத்தியிருப்பார். கேட்டவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

பிறகு அவரே பெரிய மனது பண்ணினார். "தலைப்ப சைபீரியாவுல குளிர் அலைன்னு மாத்திக்குங்க. படமெல்லாம் பளிச்சுன்னு கிடைக்கும். இன்னைக்கே ஆர்டர் போட்டுரலாம்."

தலைப்பை அழிக்க டஸ்டர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்பா முகமும் நினைவுக்கு வந்தது.

"பசங்க காலையில சைபீரியாவுலேர்ந்தா சார் பஸ் ஏறி வர்றாங்க?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க, சொல்லி அனுப்புறோம்" என்றார் தாளாளர். அப்படிச் சொன்னவர் யாரும் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை. நான் வெளியேறும்போது, "அந்த ஏசியக் கொஞ்சம் கொறைப்பா, வெறைக்குது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு வருவதற்குள் அப்பா போன் செய்துவிட்டார்.

"என்னடா ஆச்சு?"

"வேலை இல்லப்பா. திருச்சியில பனியே கிடையாதாம்."



"காலையில விடிஞ்சும் லைட்டப் போட்டுக்கிட்டுத்தானடா வண்டிய எடுத்த?" என்றார் அப்பா.